கர்னல் லைட்டின் தாயார் யார்?



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் குடும்பத்தைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மாணவர்கள் தத்தம் வம்சாவளியைப் படமாக வரைந்து வர வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு மாணவி வரைந்து வந்த படம் மிக அழகாக இருந்தது. தந்தை வழியில் நான்கு தலைமுறை. தமிழ்நாட்டில் எந்த ஊர், எந்தக் கப்பல், எந்தத் தோட்டம் என்பது வரை எழுதியிருந்தாள். தாய் வழியில் மட்டும் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. காரணம் கேட்டேன். "அம்மாவோட பாட்டி பேரு யாருக்கும் சரியா தெரியலையாம் டீச்சர்" என்றாள். அடையாள அட்டையில் ஒரு பெயர், இறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர், வீட்டில் அழைத்தது மூன்றாவது பெயராம். தோட்டத்துக் கிராணியார் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். அதுவே பெயராகி நிலைத்திருக்கும். நம்மில் எத்தனை வீடுகளில் இந்தக் கதை உண்டு!

அந்த வாரத்திலேயே மாணவர்களைப் பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அங்கே பிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலை இருக்கிறது அல்லவா? அதைச் சுற்றி நின்றுகொண்டு பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். நான் அவர்களுக்கு ஒரு செய்தியைச் சொன்னேன். 1936ஆம் ஆண்டில், பினாங்குக் குடியேற்றத்தின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி இந்தச் சிலை செய்யப்பட்டது. ஆனால் பிரான்சிஸ் லைட்டின் முகத்தைக் காட்டும் ஓவியம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே, அவருடைய மகன் வில்லியம் லைட்டின் முகச் சாயலைக் கொண்டே சிலையைச் செய்தார்கள் என்பர். தந்தையின் பெயரில் நிற்பது மகனின் முகம்! இதைக் கேட்டதும் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த மாணவி மட்டும் சிரிக்கவில்லை. "அப்படின்னா அதுல அவரோட அம்மா முகமும் இருக்கும்ல டீச்சர்? அவங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

பெயரை நான் அறிந்திருந்தேன். பெயரைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதன் பிறகு வந்த பள்ளி விடுமுறையில் இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தேன். 1901இல் ஸ்டூவர்ட் என்பவர் தந்தை, மகன் இருவரைப் பற்றியும் எழுதிய சிறு நூல் ஒன்று. 1960இல் ஆஸ்திரேலியக் கவிஞர் ஜெப்ரி டட்டன் எழுதிய வாழ்க்கை வரலாறு. பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லாத இன்னொரு நூல். அதனைப் பிறகு சொல்கிறேன். நான் வரலாற்றாய்வாளர் அல்லேன். பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உள்ள ஆசிரியை. அந்த அளவிலேயே இக்கட்டுரையைப் படியுங்கள்.

முதலில் வில்லியம் லைட் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயப் படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1808இல் நான்காம் டிராகூன் குதிரைப்படையில் சேர்ந்தார். ஸ்பெயின் நாட்டில் நெப்போலியனின் படைகளுக்கு எதிராக வெல்லிங்டன் நடத்திய போரில் பங்கு கொண்டார். ஸ்பானிய மொழியும் பிரெஞ்சு மொழியும் நன்றாகப் பேசுவார், தேர்ந்த ஓவியர். பகைவரின் நிலைகளை அறிந்து வந்து படமாக வரைந்து தருவது அவருடைய பணிகளுள் ஒன்று. 1821இல் படையைவிட்டு விலகினார். 'கர்னல்' என்னும் பட்டம்கூட ஆங்கிலேயப் படையில் பெற்றதன்று. 1823இல் ஸ்பானியப் புரட்சியாளர்களின் பக்கம் நின்று போரிட்டுக் காயமுற்றபோது அங்கே பெற்றது. பிறகு எகிப்துக்காக நீராவிக் கப்பல் ஓட்டினார். 1836இல் தென் ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளராகச் சென்று, அடிலெய்டு நகருக்கு இடம் தேர்ந்து, தெருக்களை அளந்து வகுத்தார். 1839 அக்டோபர் 6ஆம் நாள் காசநோயால் அங்கேயே இறந்தார். அந்நகரின் நடுவே ஒரு சதுக்கத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

படை அதிகாரி ஒருவரின் வாழ்க்கையைத் தேடுவது பெரிய வேலையன்று. எந்த ஆண்டில் எந்தப் பதவி, எந்தப் படைப்பிரிவு, எப்போது உயர்வு, எப்போது விலகல் என்பதெல்லாம் படைப்பட்டியல்களிலும் இலண்டன் கெஜட்டிலும் அச்சாகியிருக்கும். அந்தக் காலத்தில் பதவியையே விலை கொடுத்து வாங்கினார்கள், விற்கவும் செய்தார்கள். பணம் கைமாறும் இடத்தில் கணக்கு இருக்கும் அல்லவா? ஆகவே அவருடைய உத்தியோகம் முழுவதும் நம் கையில் இருக்கிறது. இல்லாதது அவருடைய வீடுதான்.

அதற்கு ஒரு துன்பமான காரணமும் உண்டு. லைட் முப்பது ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதி வந்தவர். 1839 ஜனவரியில் அடிலெய்டில் நில அளவை அலுவலகக் குடிசை தீப்பற்றி எரிந்தபோது, அதன் அருகே இருந்த அவருடைய குடிசையும் எரிந்து போயிற்று. நாட்குறிப்புகள், கடிதங்கள், ஓவியங்கள் பலவும் சாம்பலாயின. தாயாரைப் பற்றி அவர் ஏதாவது எழுதி வைத்திருந்தாரானால், அதுவும் அன்றே போயிருக்கும். அதன் பிறகு ஒன்பது மாதங்கூட அவர் உயிரோடு இருக்கவில்லை.

இனி, பிறப்பு. வில்லியம் பினாங்கில் பிறந்தவர் என்று சிலர் எழுதுகிறார்கள். நானும் ஒருமுறை வகுப்பில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது பொருந்தாது. அவர் பிறந்தது 1786 ஏப்ரல் 27. பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியது அதே ஆண்டு ஜூலை 17. கொடியேற்றியது ஆகஸ்டு 11. கொடியேறுமுன் பிறந்த பிள்ளை எப்படிப் பினாங்குக் குடியேற்றத்தில் பிறந்திருக்க முடியும்? அவருடைய பிறப்பிடமாகக் குறிக்கப்படுவது கோலகெடா. நம் பழைய கடாரக் கரை! தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே தீர்ந்துவிடும் பிழை இது. நான்காம் ஆண்டு மாணவனும் கண்டுபிடித்துவிடுவான். ஆசிரியை கண்டுபிடிக்க இருபது ஆண்டுகளாயின.

தந்தையின் பிறப்பும் நேரானதன்று. பிரான்சிஸ் லைட் இங்கிலாந்தில் சபோக் மாவட்டத்தின் டாலிங்ஹூ என்னும் சிற்றூரில் 1740 டிசம்பரில் ஞானமுழுக்குப் பெற்றார். தேவாலயப் பதிவேட்டில் மேரி லைட் என்னும் தாயின் பெயரே உள்ளது. தந்தை பெயர் இல்லை. வில்லியம் நீகஸ் என்னும் நிலக்கிழார் அவரை ஆதரித்துப் படிக்க வைத்தார். அவரே தந்தை என்று சொல்வாரும் உளர். ஆக, அந்த வம்சாவளிப் படத்தில் மேலே தந்தைக்குரிய கட்டம் ஐயத்துக்குரியது; கீழே தாய்க்குரிய கட்டம் ஐயத்துக்குரியது. நடுவில் ஒரு நகரத்தைத் தோற்றுவித்த தந்தை, இன்னொரு நகரத்தை வகுத்த மகன்.

தாயின் பெயர் மார்த்தினா ரொசெல்ஸ். இந்தப் பெயரையும் நூலுக்கு நூல் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் காணலாம். பிரான்சிஸ் லைட் 1794 அக்டோபர் 21ஆம் நாள் காய்ச்சலில் இறந்தார். அவர் எழுதி வைத்த உயில்தான் இந்த அம்மையாரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதன்மையான சான்று. தம் மிளகுத் தோட்டங்களையும், பினாங்கில் 'சபோக்' என்று தம் சொந்த மாவட்டத்தின் பெயரையே இட்டு அழைத்த நிலத்தையும், ஜார்ஜ் டவுன் வீட்டையும் அவருக்கு விட்டுச் சென்றார். அடிமைகளைப் பற்றிய ஏற்பாடுகளும் அதே உயிலில் உண்டு. நம் பாடநூல்களின் வண்ணப்படங்களில் இந்தச் செய்தி இடம்பெறுவதில்லை.

திருமணப் பதிவு கிடைக்கவில்லை. அவர் யார் என்பது பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. கெடா சுல்தானின் மகள் என்பது ஒன்று. சுல்தான் சீதனமாகப் பினாங்கைக் கொடுத்தார் என்று அதற்குமேல் இன்னொரு கதையையும் கட்டிவிட்டார்கள். சயாமிய இரத்தமும் போர்த்துக்கீசிய இரத்தமும் கலந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது மற்றொன்று. பிரான்சிஸ் லைட் பினாங்குக்கு வருமுன் பல ஆண்டுகள் தலாங் தீவில், அதாவது இன்றைய பூக்கெட்டில், வாணிகம் செய்தவர். அத்தீவிலும் கோலகெடாவிலும் போர்த்துக்கீசிய வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. 1786இல் அவர்களில் பலர், ஆயர் கார்னோவின் தலைமையில், பினாங்குக்கு வந்து குடியேறினார்கள். அசம்ஷன் தேவாலயத்தின் தொடக்கம் அதுவே. மார்த்தினா என்பதும் ரொசெல்ஸ் என்பதும் அந்தச் சமூகத்தில் வழங்கக்கூடிய பெயர்களே அன்றி, கெடா அரண்மனைப் பெயர்கள் அல்ல. சீதனக் கதையோ சிறிதும் நிற்காது. சுல்தான் அப்துல்லா பினாங்கை விட்டுக்கொடுத்தது சயாமியரிடமிருந்து படைப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பி. அந்தப் பாதுகாப்பைக் கும்பினி தரவே இல்லை. 1791இல் தீவை மீட்க முயன்று சுல்தான் தோற்றார். மருமகனோடு நடந்த சண்டையாகவா இதைக் கொள்வது?

இளவரசிக் கதை ஏன் இத்தனை காலம் வாழ்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். வெள்ளைக்காரத் துரை ஒருவருக்கு ஆசியத் தாய் என்பதை அக்காலத்தார் அப்படியே ஏற்கத் தயாராக இல்லை. இளவரசி என்றால் ஏற்பார்கள்! அம்மையாருக்கு மகுடம் சூட்டி அவருடைய குடும்பத்தை மறைத்துவிட்டார்கள். இது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தெரிவிக்கலாம்.

வில்லியம் ஆறு வயதில் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். சபோக் மாவட்டத்தில் தீபர்ட்டன் என்னும் ஊரில், தந்தையின் நண்பர் வீட்டில் வளர்ந்தார். அப்போது தாய் இங்கே பினாங்கில் இருந்தார். ஆறு வயது! நம் பள்ளிகளில் பாலர் வகுப்புப் பிள்ளையின் வயது. காலையில் பள்ளி வாசலில் தாயின் கையை விடாமல் அழும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்தக் கப்பல் நினைவுக்கு வருகிறது.

இனி, நான் எதிர்பாராத அந்த நூலுக்கு வருகிறேன். குடும்ப வரலாற்றைத் தேடும்போது ஒருவரை மட்டும் தேடினால் போதாது. உடன்பிறந்தவர்களையும் அவர்கள் மணந்த குடும்பங்களையும் தேட வேண்டும். வில்லியமுக்கு அக்காள் சாரா. நம் வழக்கப்படி அக்காள் கணவர் அத்தான் அல்லவா? அந்த அத்தானின் பெயரைப் படித்தபோது நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். ஜேம்ஸ் வெல்ஷ்!

தமிழக வரலாறு படித்தவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. கும்பினியின் சென்னைப் படையில் பணியாற்றி ஜெனரல் பதவி வரை உயர்ந்தவர். தம் நாட்குறிப்புகளைத் தொகுத்து 1830இல் இரண்டு பாகங்களாகப் படை நினைவுகள் நூலை வெளியிட்டவர். பாஞ்சாலங்குறிச்சிப் போரையும் மருதிருவர் போரையும் பற்றி எழுதும் எவரும் அந்நூலை எடுத்தாளாமல் இருக்க முடியாது. ஏனெனில் அவர் அந்தப் போர்களில் கும்பினியின் பக்கம் நின்றவர். அதற்குமுன் மதுரையில் இளம் அதிகாரியாக இருந்தபோது சின்ன மருதுவோடு பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுவே என்று தம் நூலில் எழுதியிருக்கிறார். கற்றுக்கொடுத்தவரையே சில ஆண்டுகளில் காட்டுக்குள் துரத்திப் பிடிக்கும் படையில் அவர் இருந்தார். 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். இந்த முடிவை வெல்ஷ் மகிழ்ச்சியோடு எழுதவில்லை.

சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி அப்போது பதினைந்து வயதுச் சிறுவன். 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகளோடு தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டு நாடு கடத்தப்பட்டான். எங்கே? பினாங்குக்கு!

நம் நாட்டில் தமிழர் வரலாறு என்றாலே இரப்பர்த் தோட்டத்தையும் கங்காணியையும் கொண்டு தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கி வந்தேன். பால்மரங்களுக்கு வெகு காலம் முன்பே, விலங்கிட்ட கால்களோடு மருதுவின் மகன் இந்தக் கரையில் இறங்கியிருக்கிறான் என்பதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

1818இல் வெல்ஷ் பினாங்குக்கு வந்திருந்தார். ஒரு நாள் தளர்ந்து ஒடுங்கிய முதியவர் ஒருவர் அவரைக் காண வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் துரைச்சாமி என்று. பதினைந்து வயதில் வந்தவர் என்றால் அன்று அவருக்கு முப்பதிரண்டு வயதளவில்தான் இருக்க வேண்டும்! வெல்ஷ் அவரை முதியவர் என்றே எழுதுகிறார். அந்தப் பெயரைக் கேட்டதும் தம் நெஞ்சில் ஏற்பட்ட வேதனையை மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் வேதனைப்பட்டவர் கப்பலேறித் திரும்பிவிட்டார். மருதுவின் மகன் இங்கேயே நின்றார்.

அவர்கள் சந்தித்தபோது பினாங்கின் ஆளுநராக இருந்தவர் யார் தெரியுமா? கர்னல் ஜான் பானர்மேன். 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட ஆணையிட்ட அதே மேஜர் பானர்மேன்தான்! 1817இல் ஆளுநராக வந்து, 1819 ஆகஸ்டில் வாந்திபேதி நோயால் இங்கேயே இறந்தார்.

வயதுகளைத் தாளில் எழுதிக் கொண்டிருந்தபோது இன்னொன்றைக் கவனித்தேன். 1801இல் பதினைந்து வயது என்றால் துரைச்சாமி பிறந்தது ஏறத்தாழ 1786. வில்லியம் லைட் பிறந்ததும் 1786. ஒத்த வயதுப் பிள்ளைகள்! ஒருவன் ஆறு வயதில் தாயை விட்டுப் பினாங்கிலிருந்து கப்பலேறினான். இன்னொருவன் பதினைந்து வயதில் உற்றாரை இழந்து பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டான். ஒருவனுக்குச் சதுக்கமும் சிலையும் இருக்கின்றன. அடிலெய்டில் நகரை நோக்கிக் கை நீட்டியபடி அவர் நிற்கிறார். மற்றவனுக்கு இந்தத் தீவில் ஒரு கல்கூட நான் பார்த்ததில்லை. இருவரையும் ஒரே குடும்பத்தின் வம்சாவளிப் படத்தை விரித்தபோதுதான் நான் ஒன்றாகக் கண்டேன்.

விடுமுறை முடியும் தறுவாயில் சுல்தான் அகமட் ஷா சாலையில் உள்ள பழைய புராட்டஸ்டண்டு கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றேன். கெம்போஜா மரங்கள் அடர்ந்த இடம். தரையெங்கும் வெள்ளைப் பூக்கள். பிரான்சிஸ் லைட்டின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. பானர்மேனும் அதே வளாகத்தில்தான் உறங்குகிறார். கட்டபொம்மன் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். கல்லறையின்முன் நின்றபோது சினம் வரும் என்று எண்ணியிருந்தேன். வரவில்லை. நடந்து களைத்திருந்தேன், கொசுக்கடி வேறு. எழுத்துகளைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பினேன்.

பள்ளி திறந்ததும் அந்த மாணவியிடம் மார்த்தினா ரொசெல்ஸ் பற்றிச் சொன்னேன். பெயரை மூன்று விதமாக எழுதுகிறார்கள் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. "எங்க கொள்ளுப்பாட்டி மாதிரியே டீச்சர்!" என்றாள். மூன்று பெயர்களையும் எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எங்கே கிடைத்தது என்பதையும் எழுது என்றேன்.

அடுத்த நாள் படத்தைக் கொண்டு வந்தாள். கட்டம் போதாமல் கோட்டைத் தாண்டி எழுதியிருந்தாள். அடையாள அட்டையில் இருந்தது, சான்றிதழில் இருந்தது, அம்மாச்சி சொன்னது. மூன்றாவது பெயருக்குக் கீழே மட்டும் பென்சிலால் சிறியதாக, "இதுதான் கூப்பிட்டா திரும்புவாங்களாம்" என்று இருந்தது.